ஆள் போனாலும் கணக்குப் போகாது

ஒரு பொருளை விற்றுவிட்டால் அதனோடு நமக்கிருந்த தொடர்பு முடிந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். மாட்டை விற்றவர் மறுநாள் அதற்குத் தீவனம் தேட வேண்டியதில்லை. ஆனால், அமெரிக்காவில் ஒரு விளையாட்டு அணி தன் ஆட்டக்காரர் ஒருவரை வேறோர் அணிக்குக் கொடுத்த பின்பும், அவர் பெயரில் சுமார் 4 கோடியே 5 இலட்சம் டாலரைத் தன் கணக்கில் சுமந்தது. அந்த ஆண்டில் அவர் வேறோர் ஊருக்காக ஆடினார். அவருடைய சுமையோ பழைய ஊரின் ஏட்டில் நின்றது. இது நிகழ்ந்தது 2022ஆம் ஆண்டில்.

இது வியப்பாக இருக்கிறதல்லவா? இதில் மாயம் ஒன்றும் இல்லை. கூட்டலும் கழித்தலும் வகுத்தலும் தெரிந்த எவரும் இதைப் புரிந்துகொள்ளலாம். அதோடு, நம் அன்றாட வாழ்வுக்கும் பயன்படும் ஒரு பொருளியல் உண்மையும் இதனுள் இருக்கிறது.

எந்தக் கால்பந்து?

அமெரிக்கர் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. அதில் பந்து நீள்முட்டை வடிவானது. அதைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், கையால் எறிவார்கள், சில சமயங்களில் மட்டுமே காலால் உதைப்பார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர் களத்தில் நிற்பார்கள். அவர்களுள் முதன்மையானவர் ‘குவார்ட்டர்பேக்’ எனப்படுபவர். ஒவ்வொரு முறையும் பந்தைப் பெற்று, அதை யாரிடம் எறிவது, யாரிடம் கொடுப்பது என்று நொடிப்பொழுதில் முடிவு செய்பவர் அவரே. ஆகையால் அவருக்கே பெரும்பாலும் மிகுந்த சம்பளம்.

இந்த ஆட்டத்தை நடத்தும் பெரிய அமைப்பு தேசியக் கால்பந்து லீக். அதில் 32 அணிகள் உள்ளன. போட்டிக் காலத்தில் ஒவ்வோர் அணியின் பட்டியலிலும் 53 பேர் இருக்கலாம். அந்த 53 பேருக்கும் சேர்த்து ஓர் ஆண்டில் இவ்வளவுதான் சம்பளக் கணக்கு இருக்கலாம் என்று ஓர் எல்லை உண்டு. நம் நாட்டில் நிலத்துக்கு உச்சவரம்பு வகுத்ததைப் போல அங்கே சம்பளத்துக்கு உச்சவரம்பு வகுத்திருக்கிறார்கள். பணக்கார உரிமையாளர் ஒருவர் சிறந்த ஆட்டக்காரர்களை எல்லாம் தாமே வளைத்துப் போட்டுக்கொள்ளாதபடி இது தடுக்கிறது.

உச்சவரம்பு வந்த வரலாறு

ஒரு காலத்தில் ஆட்டக்காரர் தம் ஒப்பந்தம் முடிந்த பின்பும் விரும்பிய அணிக்குப் போவது எளிதாக இல்லை. இந்தத் தளையை அறுக்க ஆட்டக்காரர்கள் 1987இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். வழக்கு மன்றங்களையும் நாடினார்கள். 1992இல், ஃபிரீமன் மக்நீல் என்ற ஆட்டக்காரர் முதலியோர் தொடுத்த வழக்கில், அன்றைய கட்டுப்பாடுகள் வாணிப ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டத்துக்கு முரணானவை என்று நடுவர் குழு கண்டது. அடுத்த ஆண்டு இரு தரப்பாரும் உடன்பாட்டுக்கு வந்தனர். ஆட்டக்காரருக்கு விரும்பிய அணியில் சேரும் உரிமை கிடைத்தது. அதற்கு ஈடாக உரிமையாளர்களுக்குக் கிடைத்ததுதான் உச்சவரம்பு.

1994இல் முதன்முதலாக வகுத்த உச்சவரம்பு ஓர் அணிக்கு 3 கோடியே 46 இலட்சம் டாலர். 2025இல் அது 27 கோடியே 92 இலட்சம் டாலர் ஆயிற்று. இந்தத் தொகை யாரும் நினைத்தபடி சொல்வது அன்று. லீக்கின் வருவாயில் ஆட்டக்காரர்களுக்கு உரிய பங்கு இவ்வளவு என்று உடன்பாட்டில் எழுதியிருக்கிறது. தொலைக்காட்சி உரிமை முதலியவற்றால் வருவாய் பெருகினால் உச்சவரம்பும் உயரும், குறைந்தால் தாழும். பெருந்தொற்றால் 2020இல் பார்வையாளர் வருவாய் பெரிதும் குறைந்தது. அதனால் 19 கோடியே 82 இலட்சமாக இருந்த உச்சவரம்பு 2021இல் 18 கோடியே 25 இலட்சமாகக் குறைந்தது. இந்தச் சரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையில் அதற்கும் இடம் உண்டு.

இந்த எல்லை கண்டிப்பானது. டென்வர் அணி 1990களில் இரண்டு முன்னணி ஆட்டக்காரர்களுக்குப் பின்னர் தருவதாகச் சொல்லிய தொகைகளை முறைப்படி கணக்கில் காட்டவில்லை. அதற்காக 2001இலும் 2004இலும் அதற்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் 9 இலட்சம் டாலருக்கு மேல் அபராதம் கட்டியதோடு, புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒன்றையும் அந்த அணி இழந்தது.

கையில் கொடுப்பதும் ஏட்டில் எழுதுவதும்

நம் கேள்விக்குத் திறவுகோல் இதுதான்: கையில் கொடுக்கும் பணம் வேறு, ஏட்டில் எழுதும் பணம் வேறு.

ஆட்டக்காரரின் ஊதியத்தில் முதன்மையான பகுதிகள் இரண்டு. ஒன்று, அந்தந்த ஆண்டுக்குரிய அடிப்படைச் சம்பளம். இதை எந்த ஆண்டில் கொடுக்கிறார்களோ அந்த ஆண்டின் கணக்கிலேயே எழுதுவார்கள். மற்றொன்று, ஒப்பந்தத்தில் கையொப்பம் இடும்போது கொடுக்கும் பெருந்தொகை. இதைக் கையொப்பப் பணம் என்று அழைப்போம். இது ஆட்டக்காரருக்கு முன்கூட்டியே உரியதாகிவிடும். ஆனால் உச்சவரம்புக் கணக்கில் அதை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பகிர்ந்து எழுதுவார்கள். எத்தனை ஆண்டு ஒப்பந்தமானாலும் 5 ஆண்டுகளுக்கு மேல் பகிரக் கூடாது.

வணிகவியல் படிக்கும் மாணவர்களுக்கு இது புதிதாக இராது. ஓர் ஆலை 10 இலட்ச ரூபாய்க்கு ஓர் எந்திரம் வாங்கினால், முழுத் தொகையையும் முதல் ஆண்டின் செலவாக எழுதுவதில்லை. ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழித்துவருகிறது. கையொப்பப் பணமும் அவ்வாறுதான். பணம் முதலிலேயே போய்விட்டது. செலவு மட்டும் ஆண்டுதோறும் ஏட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஒரு பயிற்சிக் கணக்கு

ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘அ’ என்ற அணி ஓர் ஆட்டக்காரருடன் 4 ஆண்டு ஒப்பந்தம் செய்கிறது. கையொப்பப் பணம் 200 இலட்சம் டாலர். அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 100 இலட்சம். கையொப்பப் பணத்தை 4 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 50 இலட்சம். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஏட்டில் ஏறும் சுமை 100 + 50 = 150 இலட்சம். நான்கு ஆண்டுகளில் மொத்தம் 600 இலட்சம்.

இரண்டு ஆண்டுகள் கழிகின்றன. ‘அ’ அணி இதற்குள் அவர் கையில் கொடுத்தது 200 + 100 + 100 = 400 இலட்சம். ஏட்டில் எழுதியதோ 150 + 150 = 300 இலட்சம்தான். மீதி 100 இலட்சம் கொடுத்தாயிற்று, இன்னும் எழுதவில்லை. இந்த நிலையில் ‘அ’ அணி அவரை ‘ஆ’ அணிக்குக் கைமாற்றுகிறது. என்ன நடக்கும்?

‘ஆ’ அணி அவருக்கு இனிமேல் கொடுக்க வேண்டிய சம்பளத்தை மட்டும் ஏற்கும். அதாவது ஆண்டுக்கு 100 இலட்சம். முன்பு கொடுத்த கையொப்பப் பணத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. எழுதாமல் எஞ்சியிருக்கும் 100 இலட்சத்தை யார் எழுதுவது? கொடுத்தவர் யாரோ அவர்தான். ஆள் போய்விட்டபடியால் அதை இனிமேலும் இரண்டு ஆண்டுகளுக்குப் பகிர இயலாது. முழுவதும் ஒரே ஆண்டில் ‘அ’ அணியின் தலையில் விழும். அணியில் இல்லாத ஒருவருக்காக ஏட்டில் நிற்கும் இந்தத் தொகையை அமெரிக்கர் ‘செத்த பணம்’ என்று அழைக்கின்றனர். கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். களத்தில் ஒரு வேலையும் செய்யாது.

இப்போது இரண்டு வழிகளையும் ஒப்பிடுங்கள்.

அவரை வைத்துக்கொண்டால்: 3ஆம் ஆண்டில் 150, 4ஆம் ஆண்டில் 150. மொத்தம் 300.
அவரைக் கொடுத்துவிட்டால்: 3ஆம் ஆண்டில் 100, 4ஆம் ஆண்டில் ஒன்றும் இல்லை. மொத்தம் 100.

‘150 இலட்சத்து ஆளைக் கொடுத்துவிட்டோம்; 150 இலட்சம் மிச்சம்’ என்று ‘அ’ அணியின் இரசிகர் மகிழ்ந்தால் அது தவறு. அந்த ஆண்டில் மிச்சமானது 50 இலட்சமே. ‘100 இலட்சம் பாழாயிற்று’ என்று அவர் வருந்தினால் அதுவும் தவறு. அந்தப் பணம் கைமாற்றத்தால் போனதன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. அவர் இருந்தாலும் போனாலும் அந்த 100 இலட்சத்தை எழுதித்தான் ஆக வேண்டும். கைமாற்றத்தால் மாறியது அதை எழுதும் காலம் மட்டுமே.

மாட் ரையான்

இனி உண்மை நிகழ்ச்சிக்கு வருவோம். மாட் ரையான் 2008இல் அட்லாண்டா அணியில் சேர்ந்தார். 14 ஆண்டுகள் அந்த அணியின் குவார்ட்டர்பேக்காக விளங்கினார். 2016இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதையும் பெற்றார். 2018இல் அவருடைய ஒப்பந்தத்தை மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். அதன் மதிப்பு 15 கோடி டாலர்.

பின்வந்த ஆண்டுகளில் அட்லாண்டா அணி கணக்கில் இடம் பற்றாமல் தவித்தது. அப்போது ஓர் எளிய வழியைக் கையாண்டது. ஓர் ஆண்டின் அடிப்படைச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கையொப்பப் பணமாக மாற்றிவிடுவதுதான் அது. ஆட்டக்காரருக்கு நட்டமில்லை, அதே பணம் முன்னதாகவே கைக்கு வருகிறது. அணிக்கோ அந்த ஆண்டின் சுமை குறைகிறது. ஏனெனில் மாற்றிய தொகையில் ஒரு பங்குதான் அந்த ஆண்டில் ஏறும், மீதி வரும் ஆண்டுகளுக்குப் போகும். உச்சவரம்பு சரிந்த 2021லும் ரையானின் ஒப்பந்தத்தில் இவ்வாறே செய்தார்கள். இன்றைய அரிசிக்கு நாளைய நெல்லை அடகு வைப்பது போன்றது இது. உச்சவரம்பு ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போனால் நாளைய சுமை இலேசாகத் தோன்றும். அது சரிந்துவிட்டாலோ, ஆட்டக்காரரின் வயது ஏறிவிட்டாலோ, அடகு கழுத்தை நெரிக்கும்.

2022இல் ரையானின் பெயரில் அட்லாண்டா ஏட்டில் ஏற வேண்டிய தொகை சுமார் 4 கோடியே 87 இலட்சம் டாலர். அவ்வாண்டு மார்ச் மாதம், அவருக்கு 37 வயது நிறைய இரண்டு மாதங்கள் இருந்தபோது, அட்லாண்டா அவரை இண்டியானாபொலிஸ் அணிக்குக் கொடுத்தது. ஈடாகப் பெற்றது, புது ஆட்டக்காரர் தேர்வின் மூன்றாம் சுற்றில் ஓர் உரிமை. எழுதாமல் எஞ்சியிருந்த பழைய பணம் முழுவதும் ஒரே ஆண்டில் வந்து விழுந்தது. அதுதான் தொடக்கத்தில் சொன்ன 4 கோடியே 5 இலட்சம். லீக்கின் வரலாற்றில் அன்றுவரை ஓர் ஆட்டக்காரருக்காக எந்த அணியும் இவ்வளவு செத்த பணம் சுமந்ததில்லை. அதற்கு முந்திய ஆண்டில்தான் ஃபிலடெல்ஃபியா அணி, கார்சன் வெண்ட்ஸ் என்பவரை இதே இண்டியானாபொலிஸ் அணிக்குக் கொடுத்து, சுமார் 3 கோடியே 38 இலட்சம் டாலர் சுமந்திருந்தது.

இந்தத் தொகையின் அளவை உணர ஒரு கணக்கு. 2022இன் உச்சவரம்பு 20 கோடியே 82 இலட்சம். ரையானின் செத்த பணம் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஆண்டு லீக்கில் புதிதாகச் சேரும் இளைஞருக்குரிய குறைந்த அளவு ஆண்டுச் சம்பளம் 7,05,000 டாலர். அப்படிப்பட்ட 53 இளைஞர்களைக் கொண்டு ஓர் அணியையே நிரப்பினாலும் 3 கோடியே 74 இலட்சம் டாலர்தான் ஆகும். ஊரில் இல்லாத ஒருவரின் கணக்கு, முழு அணி ஒன்றின் கணக்கைவிடப் பெரிதாகிவிட்டது!

ஜூன் முதல் நாள்

செத்த பணம் முழுவதும் ஒரே ஆண்டில் விழாமல் இருக்க ஒரு வழி உண்டு. ஜூன் 1ஆம் நாளுக்குப் பிறகு கைமாற்றினால், அந்த ஆண்டுக்குரிய பங்கை மட்டும் அந்த ஆண்டில் எழுதலாம். மீதி அடுத்த ஆண்டுக்குப் போகும். நம் பயிற்சிக் கணக்கில் 100 என்பது 50, 50 என்று பிரியும்.

அட்லாண்டா அணி 2021இல் ஜூலியோ ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரை டென்னசி அணிக்குக் கொடுத்தபோது இந்த நாளுக்காகக் காத்திருந்தது. ஜூன் 6இல் கைமாற்றம் நிறைவேறியது. எஞ்சியிருந்த 2 கோடியே 32 இலட்சத்து 50 ஆயிரம் டாலரில் 77 இலட்சத்து 50 ஆயிரம் 2021இலும், 1 கோடியே 55 இலட்சம் 2022இலும் ஏறின.

அப்படியானால் எல்லாரும் ஜூன் வரை காத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். காத்திருப்பதற்கும் விலை உண்டு. புது ஆட்டக்காரர் தேர்வு ஏப்ரலில் நடந்து முடிந்துவிடும். ஜூனில் கொடுத்தால் ஈடாகக் கிடைக்கும் தேர்வுரிமை அடுத்த ஆண்டுகளுக்கே பயன்படும். ஜோன்ஸுக்கு ஈடாக அட்லாண்டா பெற்ற உரிமைகளும் 2022, 2023ஆம் ஆண்டுகளுக்குரியவையே. மேலும், ஒப்பந்தம் முடிந்த நல்ல ஆட்டக்காரர்கள் சந்தைக்கு வருவது மார்ச் மாதத்தில். அப்போது கணக்கில் இடம் இல்லாமல் ஜூனில் இடம் வந்து என்ன பயன்? பந்தி முடிந்த பிறகு இலை கிடைத்தது போலத்தான்.

ஒத்திப்போட்ட சுமை மறைந்துவிடுவதும் இல்லை. 2022இல் ரையானின் தொகையோடு ஜோன்ஸின் தொகையும் சேர்ந்து, இருவருக்காக மட்டும் அட்லாண்டா ஏட்டில் சுமார் 5 கோடியே 60 இலட்சம் டாலர் நின்றது. உச்சவரம்பில் இது நான்கில் ஒரு பங்குக்கும் மேல். எதிரணிகள் 20 கோடியைக் கொண்டு போட்டியிட, அட்லாண்டா ஒரு கையைக் கட்டிக்கொண்டு போட்டியிட்டது. அந்த ஆண்டில் அது 7 ஆட்டங்களில் வென்று 10 ஆட்டங்களில் தோற்றது.

வாங்கியவர் பாடு

கொடுத்தவருக்கு இவ்வளவு சுமை என்றால் வாங்கியவருக்கு எல்லாம் ஆதாயமா? தொடக்கத்தில் ஆதாயம் போலவே தோன்றும். பழைய கையொப்பப் பணம் அவர் கணக்கில் இல்லை. அடிப்படைச் சம்பளத்துக்கு உறுதி அளித்திராவிட்டால், ஆட்டக்காரர் எதிர்பார்த்தபடி ஆடாத நிலையில் அடுத்த ஆண்டு ஒரு காசும் செத்த பணமின்றி அவரை விடுவித்துவிடலாம்.

ஆனால் வாங்கியவருக்கும் இடநெருக்கடி உண்டு. நம் ‘ஆ’ அணி 3ஆம் ஆண்டுக்குரிய 100 இலட்சத்தில் 80 இலட்சத்தைக் கையொப்பப் பணமாக மாற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு 40, 40 எனப் பகிர்ந்தால், 3ஆம் ஆண்டின் சுமை 20 + 40 = 60 ஆகக் குறையும். 4ஆம் ஆண்டின் சுமையோ 100 + 40 = 140 ஆக ஏறும். 4ஆம் ஆண்டுக்கு முன் அவரை விடுவித்தாலும் 40 இலட்சம் செத்த பணமாக நிற்கும். சுமையின்றி வாங்கியவர் தாமே ஒரு சுமையை உண்டாக்கிக்கொள்கிறார்.

இண்டியானாபொலிஸ் அணி இத்தகைய வழியில்தான் சென்றது. ரையானின் ஒப்பந்தத்தைத் திருத்தி, அவருக்கு அடுத்த ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பகுதியை உறுதி செய்தது. 2022இல் அவருடைய சுமை சுமார் 1 கோடியே 87 இலட்சம். 2023இல் அது 3 கோடியே 52 இலட்சமாக ஏற இருந்தது. ஆனால் 2022ஆம் ஆண்டு ஆட்டம் நல்லபடி அமையவில்லை. அணி 4 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. 2023 மார்ச்சில் அவரை விடுவித்தபோது சுமார் 1 கோடியே 80 இலட்சம் டாலர் செத்த பணமாக நின்றது. ஒரே ஆட்டக்காரர் அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு அணிகளின் ஏடுகளில் நிழலாக நின்றார்.

ஜூலியோ ஜோன்ஸின் கதையும் ஏறக்குறைய இதுவே. டென்னசி அணி ஏற்றுக்கொண்ட 2021ஆம் ஆண்டுச் சம்பளம் 1 கோடியே 53 இலட்சம் டாலர். 32 வயதான அவர் காயங்களால் பல ஆட்டங்களில் இறங்க இயலவில்லை. ஓர் ஆண்டுக்குள் விடுவிக்கப்பட்டார். முதிர்ந்த ஆட்டக்காரரை வாங்குபவர் எண்ண வேண்டியது அவருடைய பழைய புகழை அன்று. இன்னும் எத்தனை ஆண்டு ஆடுவார், அத்தனை ஆண்டுக்குள் சுமை தீர்ந்துவிடுமா என்பதையே எண்ண வேண்டும்.

சுமையையும் விற்கலாம்

பொருளை வாங்குபவர் விலை கொடுப்பது உலக வழக்கம். இங்கே அதற்கு மாறான ஒரு பேரமும் நடந்திருக்கிறது. 2016இல் ஹியூஸ்டன் அணி பிராக் ஆஸ்வைலர் என்ற குவார்ட்டர்பேக்குடன் 4 ஆண்டுகளுக்கு 7 கோடியே 20 இலட்சம் டாலர் ஒப்பந்தம் செய்தது. கையொப்பப் பணம் 1 கோடியே 20 இலட்சம். ஆண்டுக்கு 30 இலட்சமாகப் பகிர்ந்தார்கள். அவர் ஆட்டம் திருப்தி தரவில்லை. ஆயினும் அடுத்த ஆண்டுச் சம்பளமான 1 கோடியே 60 இலட்சம் டாலர் உறுதி செய்யப்பட்டிருந்தது. விடுவித்தாலும் கொடுத்தே ஆக வேண்டும்.

அப்போது கிளீவ்லாந்து அணியின் கணக்கில் ஏராளமான இடம் காலியாக இருந்தது. ஓர் ஆண்டில் பயன்படாத இடத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம் என்பது விதி. 2017 மார்ச்சில் ஹியூஸ்டன், ஆஸ்வைலரைக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்தது. அவரோடு 2018ஆம் ஆண்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமை போன்ற மதிப்புள்ள பொருளையும் சேர்த்துக் கொடுத்தது! சுமையைத் தூக்கிச் செல்பவருக்குக் கூலி கொடுப்பதைப் போன்றது இது. ஹியூஸ்டன் ஏட்டில் எஞ்சியது 3 ஆண்டுப் பங்கான 90 இலட்சம் மட்டுமே. நம் பயிற்சிக் கணக்கின்படி நீங்களே இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

போட்டிகள் தொடங்குமுன்னரே கிளீவ்லாந்து ஆஸ்வைலரை விடுவித்துவிட்டது. அந்த அணி வாங்கியது ஆளை அன்று, தேர்வுரிமையை. அந்த உரிமையைக் கொண்டு 2018இல் நிக் சப் என்ற ஓட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தது. அவர் பல ஆண்டுகள் அந்த அணியின் தூணாக விளங்கினார். ஏட்டில் உள்ள வெற்றிடமும் விலைபோகும் சரக்கே என்பதை இந்தப் பேரம் உலகுக்குக் காட்டியது.

போன பணமும் வரும் பணமும்

டென்வர் அணி 2022 மார்ச்சில் ரஸ்ஸல் வில்சன் என்ற குவார்ட்டர்பேக்கைச் சியாட்டில் அணியிடமிருந்து பெற்றது. சியாட்டில் சுமந்த செத்த பணம் 2 கோடியே 60 இலட்சம். டென்வர் கொடுத்த விலையோ இரண்டு முதல் சுற்று உரிமைகள், இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகள், மூன்று ஆட்டக்காரர்கள் முதலியன. அதோடு நில்லாமல், அவர் புது அணிக்காக ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடுமுன், பழைய ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகள் மீதமிருக்கும்போதே, மேலும் 5 ஆண்டுகளுக்குச் சுமார் 24 கோடியே 50 இலட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது.

இரண்டு ஆண்டுகளில் அணி ஏமாற்றம் அடைந்தது. புதிய 5 ஆண்டுகள் தொடங்குமுன்னரே, 2024 மார்ச்சில் அவரை விடுவித்தது. எழுத வேண்டிய செத்த பணம் சுமார் 8 கோடியே 50 இலட்சம் டாலர்! அதை 2024இல் 5 கோடியே 30 இலட்சம், 2025இல் 3 கோடியே 20 இலட்சம் எனப் பிரித்தார்கள். வில்சன் பிட்ஸ்பர்க் அணியில் சேர்ந்தார். அந்த அணி அவருக்குக் கொடுத்தது 12 இலட்சத்து 10 ஆயிரம் டாலர். அவருக்கு 2024இல் உறுதி செய்திருந்த 3 கோடியே 90 இலட்சத்தில் மீதியைக் கொடுத்தது டென்வர்.

‘இவ்வளவு கொடுத்தாயிற்றே, அவரையே வைத்துக்கொண்டு ஆடினால் என்ன?’ என்ற எண்ணம் யாருக்கும் எழும். பொருளியலார் இங்கேதான் நம்மை எச்சரிக்கின்றனர். திரும்பி வராத செலவை ‘மூழ்கிய செலவு’ என்பர். எந்த வழியில் சென்றாலும் அது மாறாது. ஆகையால் முடிவு எடுக்கும்போது அதைத் தராசில் வைக்கலாகாது. இனிச் செலவாகப்போவது எவ்வளவு, அதனால் இனி வரப்போகும் பயன் எவ்வளவு என்ற இரண்டை மட்டுமே தட்டுகளில் வைக்க வேண்டும்.

டென்வர் அப்படியே செய்தது. 2024இல் போ நிக்ஸ் என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்துக் குவார்ட்டர்பேக் ஆக்கியது. அவருடைய ஒப்பந்தம் 4 ஆண்டுகளுக்கும் சேர்த்தே 2 கோடி டாலருக்குக் குறைவு. உச்சவரம்பில் ஐந்தில் ஒரு பங்கைச் செத்த பணம் விழுங்கியிருந்தும், அந்த ஆண்டு அணி 10 ஆட்டங்களில் வென்று, 2015ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பிறகு முதன்முறையாக இறுதிச் சுற்றுப் போட்டிகளுக்குத் தகுதி பெற்றது. பழைய கணக்கை மறைக்காமல் எழுதிவிட்டு, புதிய கணக்கைச் சரியாகப் போட்டதன் பயன் இது.

கணக்குக்கு அப்பால்

இந்தத் தொகைகளைக் கேட்டு மலைத்துப்போகும் நாம் ஒன்றை மறந்துவிடலாகாது. செத்த பணத்தின் சுமையை முதலில் தாங்குபவர் உரிமையாளர் அல்லர். கணக்கில் இடம் இல்லாமற் போகும்போது அணியிலிருந்து நீக்கப்படுபவர் பெரும்பாலும் உறுதியற்ற சம்பளத்தில் இருக்கும் நடுத்தர ஆட்டக்காரர். அவர் நன்றாகவே ஆடியிருக்கலாம். ஆயினும் எப்போதோ யாரோ இட்ட கையொப்பத்துக்கு அவர் விலை கொடுக்கிறார். ஆட்டக்காரர் கையொப்பப் பணத்தை மிகுதியாகக் கேட்பதற்கும் இதுவே காரணம். நாளைய சம்பளம் வருமோ வராதோ. கைக்கு வந்தது கைக்கு வந்ததுதான்.

இனி இத்தகைய கைமாற்றச் செய்தியைப் படிக்க நேர்ந்தால், மொத்தத் தொகையைக் கண்டு மயங்காமல் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கொடுத்தும் எழுதாமல் இருப்பது எவ்வளவு? இனிக் கொடுக்க வேண்டியது எவ்வளவு? அதில் உறுதி செய்யப்பட்டது எவ்வளவு? முதல் விடை கொடுத்தவரின் சுமை. இரண்டாவது வாங்கியவரின் சுமை. மூன்றாவது ஆட்டக்காரருக்குள்ள பாதுகாப்பு. தவணையில் வாங்கிய பொருளை விற்கும்போதும், நட்டத்தில் ஓடும் கடையை மூடுவதா நடத்துவதா என்று எண்ணும்போதும் இதே மூன்று கேள்விகள் நமக்கும் கைகொடுக்கும்.